ஆறாம் படியில் இருந்த வரி

உங்கள் விசாரணைப் படிவத்தில் கேள்விகளின் வரிசை சரியில்லை. 'ஏன் செய்தீர்கள்' என்று இரண்டாவதாகக் கேட்டுவிட்டு, 'என்ன செய்தீர்கள்' என்று மூன்றாவதாகக் கேட்டிருக்கிறீர்கள். நிரப்புகிறவன் திணறிப்போவான். குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரம் கிடைத்தால் நானே திருத்தித் தருகிறேன். அரைமணி நேர வேலைதான்.

படிவத்தை விட்டுவிட்டு இப்படித் தனித்தாளில் எழுதுவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. உங்கள் அறிக்கையின் வரைவை நேற்று எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். நிறுவல் வழிமுறையின் ஆறாம் படியில் இருந்த எச்சரிக்கையை நீக்கியவர் வாத்தியார் என்றும், அவரைக் குழுவிலிருந்து விலக்கப் போவதாகவும் அதில் கண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். அந்தத் திருத்தம் என்னுடையது.

வாத்தியார்மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர். முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் ஒரு பக்கத்தில் எது தேவை, எது சுமை என்று பார்க்கிற கண் அவருக்குக் கிடையாது. ஏழு வருடத்தில் நான் செய்தவற்றுள் சிறந்த திருத்தம் அவர் பெயரில் பதிவாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வெளியாள் யாராவது இந்தத் தாளைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் புரிய வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணினி ஓடுவதற்கு அடிப்படையாக ஒரு இயங்குதளம் வேண்டும். பெரும்பாலோர் கடையில் கணினி வாங்கும்போது அதோடு சேர்ந்து வருவதையே வைத்துக்கொள்கிறார்கள். நம்முடையது இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்துத் திருத்தலாம். சம்பளம் வாங்காத இருநூறு பேர் சேர்ந்து செய்கிற காரியம். அதைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று சொல்லும் வழிமுறைப் பக்கத்துக்கு நான் பொறுப்பு. குழுவில் என்னைக் 'கத்தரி' என்பார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பகலில் நான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்னால் இருபத்திரண்டு எச்சரிக்கைகள் வர வேண்டும் என்பது எங்கள் நிறுவன வக்கீலின் கட்டளை. பூனையை உள்ளே விடாதீர்கள் என்பது ஒன்பதாவது. வேறு எந்தப் பிராணியையும் விடாதீர்கள் என்பது பத்தாவது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையெல்லாம் பிழை பார்ப்பது என் வேலை. பூனை வளர்ப்பவர் யாரும் ஒன்பதாவது வரை படித்து நான் கேள்விப்பட்டதில்லை. பதினேழு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எச்சரிக்கை என்ற சொல்லைப் பார்த்தாலே கை கத்தரியைத் தேடும்.

நான் வந்து சேர்ந்தபோது நம் வழிமுறை முப்பத்துநான்கு பக்கம் இருந்தது. முதல் நான்கு பக்கம் குழுவை ஆரம்பித்தவர்கள் ஒருவரோடொருவர் போட்ட சண்டை. அதை எடுத்தேன். பிறகு நன்றியுரையை எடுத்தேன். 'முன்பே சொன்னதுபோல' என்று ஆரம்பிக்கும் பத்திகளை எல்லாம், முன்பே சொல்லியாகிவிட்டதே என்று எடுத்தேன். முப்பத்துநான்கு ஒன்பதாகி, ஒன்பது இரண்டாகியது. ஆண்டுக் கூட்டத்தில் அந்த இரண்டு பக்கத்தைத் திரையில் காட்டியபோது இப்போது விசாரிக்கும் நீங்கள் மூவரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் மறக்கவில்லை.

மிஞ்சியது ஆறாம் படி மட்டும்தான்.

அந்த இடத்தில் கணினி, தன் கோப்புகளெல்லாம் இருக்கும் வட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும்: 'மாற்றங்களை வட்டில் எழுதவா?' நம் பக்கம் அதற்கு, 'ஆம் என்று சொல்லுங்கள்' என்று வழி சொல்லும். அதற்கு மேலே, தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: 'எச்சரிக்கை. ஆம் என்று சொன்னால் இந்தக் கணினியில் இதுவரை நீங்கள் வைத்திருக்கும் எல்லாம் அழிந்துபோகும். திரும்பக் கிடைக்காது. முதலில் வேறொரு வட்டில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.' நான்கு வாக்கியம். அழகில்லாத நான்கு வாக்கியம். முதல் வாக்கியம் ஒரே ஒரு சொல்.

நம் குழுவில் பரிசோதனை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கணினி பற்றி அதிகம் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, வழிமுறைப் பக்கத்தை மட்டும் கையில் கொடுப்போம். எழுதியவன் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கை காட்டக் கூடாது. தலையை ஆட்டக்கூடக் கூடாது. நாளைக்கு எங்கோ ஒரு வீட்டில் படிக்கிறவருக்குப் பக்கத்தில் எழுதியவன் உட்கார்ந்திருக்கப் போவதில்லை அல்லவா. இந்த விதியை வகுத்தவர்கள் நீங்கள்தான். அதை என்னைப்போல் மதித்து நடந்தவர்கள் குழுவில் அதிகம் பேர் இல்லை.

பரிசோதனையை வெற்றுக் கணினியில்தான் செய்ய வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. அதை நான் மீறினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெற்றுக் கணினியில் யாருக்கும் பயம் வராது. பயம் வராத இடத்தில் எடுத்த அளவு எதற்கு உதவும்? அவரவர் சொந்தக் கணினியிலேயே செய்யச் சொன்னேன். முப்பத்தொரு பேர் உட்கார்ந்தார்கள். அதில் பத்தொன்பது பேர் ஆறாம் படியில் எழுந்துவிட்டார்கள். "நகல் எடுத்துட்டு நாளைக்கு வரேன்" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மற்றப் பன்னிரண்டு பேர் முன்யோசனையோடு நகல் எடுத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஏழு பேர் ஒரு மாதத்துக்குள் பழையபடி பழையதற்கே திரும்பிப் போனார்கள். நகல்தான் இருக்கிறதே, போவதில் என்ன கஷ்டம்?

இதை நான் பல நாள் யோசித்தேன். தாய்வீட்டுச் சாவி இடுப்பிலேயே இருந்தால் புகுந்த வீட்டில் மனம் ஒட்டாது. அந்த வரி ஒருவரையும் காப்பாற்றவில்லை; தயங்கத்தான் வைத்தது. நீக்கிவிடுவதென்று முடிவு செய்தேன்.

குழு வழக்கப்படி எந்தத் திருத்தமும் இன்னொருவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்த்து ஒப்புதல் தந்தவர் பெயர்தான் பக்கத்தின் அடியில் நிற்கும். அந்த வாரம் வாத்தியாரின் முறை. நான் பக்கம் முழுக்கக் காற்புள்ளிகளைத் திருத்தினேன். இந்தப் பக்கம் மட்டும் அல்ல, நம் கையேடுகள் எல்லாவற்றிலும். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றுக்கு நடுவே நூற்றெண்பதாவது திருத்தமாக அந்த நான்கு வாக்கியங்களை எடுத்தேன். 'நிறுத்தக்குறித் திருத்தம்' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். வாத்தியார் பொறுமையாகத்தான் பார்த்தார். நூறுவரை ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பார். "கமா எல்லாம் கச்சிதம்" என்று எழுதி ஒப்புதல் தந்தார். அது உண்மை. கச்சிதமாகத்தான் இருந்தன.

அதற்குப் பிறகு வந்த கணக்கு உங்களிடமே இருக்கிறது. நூறு பேர் தொடங்கினால் தொண்ணூற்றுநான்கு பேர் முடித்தார்கள். நம் இணைய மன்றத்தில் கொஞ்சம் முறையீடுகள் வந்தன. கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர், ஒரு வருடத்துப் படங்கள் போய்விட்டன என்று எழுதினார். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டை எங்கே தேடுவது என்று கேட்டாள். நம் மன்றத்தில் யார் என்ன கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதானே: 'வழிமுறையைப் படித்தீர்களா?' அவர்களிடமும் அப்படித்தான் கேட்டீர்கள். படித்தோம், வரிக்கு வரி அதன்படியே செய்தோம் என்றார்கள். இத்தனை வருடத்தில் நம் வழிமுறையை முழுதாகப் படித்ததாக ஒருவர் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அவர்களில் ஒருவர்கூடப் பழையதற்குத் திரும்பவில்லை என்பதையும் கவனித்தேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் விசாரிப்பது அவளுடைய புகாரைத்தானே.

அக்கா ஒரு மருத்துவமனையில் தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளர். குரல்வளையை எடுக்க வேண்டிய நோயாளிகள் அவளிடம் வருவார்கள். அறுவைக்குப் பின் அவர்களால் பேச முடியாது. ஆகவே அதற்கு முந்தைய வாரம் அவர்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வாள். பெண்டாட்டி பிள்ளைகளின் பெயர், வேண்டும், வேண்டாம், தண்ணீர், வலிக்கிறது, திட்டுவதற்கு நாலு வார்த்தை. பிறகு கைக்கணினியில் ஒரு பட்டனைத் தொட்டால் அவர்கள் குரலிலேயே அது பேசும். மருத்துவமனைக் கணினி ஒன்றைத் திறப்பதற்குள் நோயாளிக்குப் பொறுமை போய்விடுகிறது என்று, எல்லாவற்றையும் தன் சொந்த மடிக்கணினியில் வைத்திருந்தாள். கைக்கணினி வரக் காத்திருந்த நாற்பத்தொரு பேர்; அவர்கள் குரல் வேறெங்கும் இல்லை.

அவள்தான் என் முதல் வாசகியும். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். மருந்துச் சீட்டில் சாப்பாட்டுக்கு முன் என்று இருந்தால் போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டு முதலில் மாத்திரையைத் தேடுகிற ரகம். எது கையில் கிடைத்தாலும் அச்செடுத்துக் கோப்பில் சொருகுவாள். "நீ எழுதினாத்தான்டா எனக்குப் புரியுது" என்பாள். அவளுக்குப் புரிந்தால் உலகத்துக்கே புரியும் என்பது என் அளவுகோல். இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த நான்கு வாக்கியம் இருந்த காலத்தில், ஒரு முறை பரிசோதனைக்கு உட்கார்ந்தாள். ஆறாம் படியில் கையை எடுத்துவிட்டாள். "ஐயையோ, அழியும்னு போட்டிருக்கே. காப்பி எடுத்துட்டு அப்புறம் பாத்துக்கறேன்" என்று எழுந்து போனாள். நகல் எடுக்க ஒரு வட்டும் வாங்கினாள். அது உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. பத்தொன்பது பேரில் அவளும் ஒருத்தி என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

போன மாதம் அவள் கணினி அடியோடு படுத்துவிட்டது. திறப்பதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம் என்ற நிலை. அவளாகவே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கணினியை வைத்தாள். நான் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, கடிகாரத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவள் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"இதுலதான் என் ஆளுங்க குரல் எல்லாம் இருக்கு. ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள்.

"பக்கத்துல போட்டிருக்கிறதை மட்டும் செய்க்கா."

"போன தடவை ஏதோ அழியும்னு போட்டிருந்துதே?"

"இது புதுப் பக்கம்க்கா," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடிகாரத்தை ஓட விட்டேன். அதன் பிறகு நான் பேசவில்லை.

முதல் ஐந்து படியை ஆறரை நிமிடத்தில் முடித்தாள். ஆறாவதில் அந்தக் கேள்வி வந்தது. அவள் தாளை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள். பழைய வரியைத் தேடினாள் என்று நினைக்கிறேன். விரல் பட்டனுக்கு மேலே நின்றது. அப்படியே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது அப்படித்தான் பார்ப்பாள், நான் வருகிறேனா என்று. எனக்குப் பயமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. எழுந்துவிடுவாளோ என்றுதான் பயம். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். நான்கு விநாடி. அழுத்தினாள்.

மொத்தம் பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. 'தயக்கம் நான்கு விநாடி, எங்கும் நிற்கவில்லை' என்று குறித்திருக்கிறேன். இதுவரை எடுத்ததில் அதுதான் மிகக் குறைந்த நேரம். கணினி கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. அக்கா சிரித்துக்கொண்டே கைதட்டினாள். பிறகு இங்கும் அங்கும் தட்டிப் பார்த்துவிட்டு, "என் ஃபைல் எல்லாம் எங்கடா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வழிமுறையின் எல்லைக்குள் வராது. நோட்டை மூடிவிட்டேன்.

கணினி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எட்டு நாள் கொடுத்து வைத்தாள். மூன்று விநாடி கிடைத்தது. யாரோ இருமுவது. யாருடைய இருமல் என்று அவளால் சொல்ல முடியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நாற்பத்தொரு வீட்டுக்கும் அவளே போன் செய்து சொன்னாள். மனைவி, மகன், மருமகள் என்று வேறு யாராவதுதான் பேசினார்கள். பின்னே, அவர்கள் எப்படிப் பேசுவார்கள். ஒருவர் மட்டும் நேரில் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தேன். பதிவு செய்த அன்று, மகளின் செல்லப்பெயரைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் வைத்திருந்தாளாம் அக்கா. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதி நீட்டினார்: 'சிரிப்பாவது இருக்கா?' இரண்டே சொல். அதில் வெட்ட ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது. அக்கா அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "நான்தான் சரியாப் படிக்காம விட்டுட்டேன் போலிருக்கு. இன்னொருத்தருக்கு இப்படி ஆகக்கூடாதுடா" என்று சொல்லி, உங்களுக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். நான்கு பக்கம் எழுதினாள். பாதி அழுகை. படித்துப் பார்த்துச் சரிசெய்து கொடு என்று என்னிடமே தந்தாள். அரைப் பக்கமாக்கினேன். இவ்வளவு தெளிவான புகார் இதுவரை வந்ததில்லை என்று உங்கள் அறிக்கையின் முதல் பத்தியில் பாராட்டியிருக்கிறீர்கள். நன்றி. அதுவும் என் வேலைதான். நான் எடுத்தவற்றில் ஒரே ஒரு வரியை மட்டும், பதிவு முழுமையாக இருக்கட்டும் என்பதற்காக, இங்கே தருகிறேன்: 'என் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அவன் இருக்கிற தைரியத்தில்தான் அழுத்தினேன்.' நிறுவல் முறை பற்றிய புகாரில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது தேவையில்லாத செய்தி. நடையையும் தடுத்தது.

போன வியாழக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றபடி இரண்டு தாள்களை நீட்டினாள். ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கொடுத்தது. மற்றது இரண்டு வருடத்துக்கு முந்தையது. அவள் கோப்பில் சொருகி வைத்திருந்தது. ஆறாம் படியின் தடித்த எழுத்துக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"இது உனக்குத் தெரியும்," என்றாள். "நான் உன் மூஞ்சியைப் பாத்தேன். நீயும் பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"பரிசோதனை நேரத்துல பேசக் கூடாதுக்கா," என்றேன்.

 அவள் தாள்களை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஆகவே வாத்தியாரின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். எச்சரிக்கையை நீக்கியவன் நான். அது எதற்காக இருந்தது என்று தெரிந்தே நீக்கினேன். அவள் கணினியில் என்ன இருந்தது என்று தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்மீது என்ன நடவடிக்கை என்பதைச் சுருக்கமாக எழுதி அனுப்பினால் போதும்.

ஒரு நல்ல சேதியோடு முடிக்கிறேன். முன்பெல்லாம் அக்கா போனை எடுத்தால் ஒரு மணி நேரம் வைக்க மாட்டாள், சொன்னதையே சொல்லுவாள். அந்த வியாழனிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தேவைக்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம் என்று நான் இத்தனை வருடம் சொல்லிவந்தது, கடைசியில் அவளுக்கும் புரிந்துவிட்டது.